சனிக்கிழமை வரை ஓடக் கூடாத கம்ப்யூட்டர்

இந்தக் கதை எனக்குக் கைமாறி வந்தது. நடந்த இடத்தில் நான் இல்லை. சொன்னவர் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அங்கே எல்லோரும் அவரை 'வயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்த இடத்தில் அவரும் இல்லை. பாதியைக் கதாநாயகர் அவரிடம் சொன்னார். மீதிப் பாதியைக் கதாநாயகரின் மனைவி சொன்னார். இரண்டையும் ஒட்டவைக்கும்போது வயர் தன் பங்குக்குக் கொஞ்சம் பசை சேர்த்திருக்கலாம். நான் எதையும் சேர்க்கவில்லை. சந்தேகம் வந்த ஓர் இடத்தை மட்டும் நேரில் போய் விசாரித்தேன். அது கடைசியில் வரும்.

கதாநாயகர் அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்கீப்பர். ஸ்டோர்கீப்பர் என்றால் சாமான் கொடுப்பவர் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். தவறு. சாமான் வெளியே போகாமல் பார்த்துக்கொள்பவர்தான் ஸ்டோர்கீப்பர். யாராவது வந்து ஒரு போல்ட் கேட்பார்கள். "இருக்கு" என்பார். கேட்டவர் முகம் மலரும். "நாளைக்கு வாங்க" என்பார். மலர்ந்தது வாடும். தன் சர்வீஸில் ஒருவரைக்கூட அவர் 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பியது கிடையாது. 'இல்லை' என்றால் சண்டைக்கு வருவார்கள். 'நாளை' என்று சொல்லும் மனிதரோடு யாரால் சண்டை போட முடியும்?

இந்த வித்தை வீட்டில் செல்லுபடியாகாது. அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிப்பவள். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று அமைதியாகக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரும் "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து போனதில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவே, நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடி வீடு. மத்தியானம் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சூடாகச் சாதம். அவள் பரிமாறுவாள், எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடுவாள், கடைக்கு வந்தவர்களில் யார் எந்த எழுத்தை எப்படித் தப்பாகப் படித்தார்கள் என்று சொல்லுவாள். அவர் சிரிப்பார். அவள் திரும்பிப் போன பிறகு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, தொழிற்சாலைச் சங்கு ஊதும்வரை ஒரு தூக்கம் போடுவார். அவர் பேரில் வீடு இல்லை, நிலம் இல்லை. அந்த மத்தியானம்தான் அவருடைய சொத்து.

அந்தச் சொத்துக்கு ஒரு திங்கட்கிழமை வில்லங்கம் வந்தது.

"என்னங்க, எங்க கடையில புதுசா ஒரு கிளை திறக்கறாங்க. பொறுப்பாளரா ஆள் தேடறாங்க. நான் பேர் கொடுத்திருக்கேன்."

"நல்ல விஷயம்தானே. எங்க?"

"ஊரோட அந்தக் கோடியில."

"அந்தக் கோடின்னா?"

"ரெண்டு பஸ்."

அவர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. போக ரெண்டு பஸ். வர ரெண்டு பஸ்.

"அப்போ மத்தியானம்?"

"மத்தியானத்துக்கு என்ன? அது பாட்டுக்குத் தினமும் வரும்."

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு இதே போல் ஒரு வாய்ப்பு அவளுக்கு வந்தது. நேர்காணலுக்குக் கிளம்பும் காலையில் ஸ்டோர்கீப்பருக்குத் தலை சுற்றியது. சுவர் சுற்றியது, கூரை சுற்றியது, அவர் மனைவி கையில் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நேர்காணல் நேரம் தாண்டியதும் சுவர் நின்றது, கூரை நின்றது, அவர் எழுந்து இரண்டு தோசை கேட்டார். அவள் தோசை வார்த்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது அவள் சொன்னாள்: "நேர்காணல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. நம்ம கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காரணுமாம். இன்னொரு தடவை இப்படி வராதுங்க. அன்னிக்கு ஒரு நாள் அது ஒழுங்கா ஓடணும். பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்," என்றார் ஸ்டோர்கீப்பர், சத்தியம் செய்வதைப் போல.

மறுபடியும் தலை சுற்றினால் நன்றாக இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே வியாதி, ஒரே சந்தர்ப்பத்தில், இரண்டு தடவை வந்தால் வியாதிக்கே மரியாதை போய்விடும். 'போகாதே' என்று நேராகச் சொல்லலாம். ஆனால் சொன்னால் 'ஏன்?' என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதிலைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை வயரைத் தேடிப் போனார்.

"வயரு, ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போகணும். ஆனா கெட்டுப்போகக் கூடாது. வழி இருக்கா?"

"என்ன சார், விடுகதையா?"

"சும்மா. பொது அறிவு."

வயர் நல்ல மனிதர். யார் எது கேட்டாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுவார். "உள்ள ரேம்னு ஒரு பட்டை இருக்கும் சார். பாக்க ஒரு சீப்பு மாதிரிதான் இருக்கும். அது காடியில சரியா உக்காரலைன்னா மெஷின் ஆன் ஆகும், வர்ற மாதிரி வரும், அணைஞ்சிடும். திரும்பத் தானா ஆன் ஆகும். திரும்ப அணையும். இப்படியே போய்க்கிட்டிருக்கும். பாக்கறவங்க பெரிய வியாதின்னு பயந்துடுவாங்க. ஆனா அழுத்தி உக்கார வெச்சா அவ்வளவுதான், சரியாயிடும்."

"வர்ற மாதிரி வரும். ஆனா வராது," என்று ஸ்டோர்கீப்பர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஒளி வந்ததாக வயர் சொல்கிறார். தன் வாழ்நாள் தொழிலை ஒரு இயந்திரமும் செய்யும் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கடைக்குத் திரும்பியதும் காரியத்தில் இறங்கினார். அன்றைக்குத் தூக்கம் இல்லை. தூக்கத்தைக் காப்பாற்றத் தூக்கத்தையே தியாகம் செய்தார். சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். வாங்கிய நாளிலிருந்து திறக்காத பெட்டி. உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதன் நடுவில் இரண்டு பட்டைகள் அருகருகே, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போல் நின்றன. வலது பக்கத்துப் பட்டையைக் கட்டைவிரலால் நெம்பி அரைவாசி தூக்கிவிட்டார். மூடினார். திருகினார். கையைக் கழுவினார்.

சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி உறுமியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது, அணைந்தது. ஒரு மூச்சு விட்டு மறுபடி உறுமியது.

"என்னங்க, இங்க வாங்களேன். இது வருது."

"வந்தா நல்லதுதானே?"

"வந்துட்டுப் போகுதுங்க."

ஸ்டோர்கீப்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய டாக்டர் வார்டுக்குள் வருவது போல ஒரு வருகை. கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எப்போலேருந்து இப்படி?"

"இப்போலேருந்து."

"ம்ம்."

"ரிப்பேர்காரரைக் கூப்பிடலாமா?"

"ரிப்பேர்காரரா? அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்ல இருக்கேன்?"

"அதை நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இதெல்லாம் முறைப்படி போகணும். என்னவெல்லாம் காரணமா இருக்கும்னு பாத்து, ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வரணும். அவசரப்பட்டா மெஷின் போயிடும்."

அன்று ராத்திரி அவர் திருப்தியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு வாராந்திர விடுமுறை. கடைக்குக் கிளம்பும் முன் அவள் கேட்டாள்: "என்னங்க, முதல்ல எதைக் கழிக்கப் போறீங்க?"

"கரெண்ட்டு. கரெண்ட்டு ஏறி இறங்கினா இப்படி ஆகும்."

"ஃப்ரிட்ஜும் அதே லைன்தானே? அதை அணைச்சுட்டுப் பாருங்களேன்."

நியாயமான யோசனையாக இருந்தது. அணைத்தார். கம்ப்யூட்டர் வந்தது, போனது.

"அப்போ கரெண்ட்டு இல்லை," என்றாள். "அணைச்சதே அணைச்சாச்சு. ஐஸ் உருகுறதுக்குள்ள உள்ளே துடைச்சிடுங்க. அடுத்தது என்ன?"

"தூசி," என்றார், ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து.

"தூசி எங்கேருந்து வருது? பரண்லேருந்து. பரணை அப்படியே விட்டுட்டு மெஷினை மட்டும் துடைச்சா நாளைக்கே திரும்ப வந்துடுமே?"

அவர் பரணில் ஏறினார். பரணில் ஏறிய மனிதன் சும்மா இறங்க முடியாது. பழைய மெத்தை, உடைந்த மின்விசிறி, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடிகள் என்று எல்லாம் அவரோடு இறங்கின. மத்தியானம் அவள் வந்து பார்த்து, கம்ப்யூட்டரைப் போட்டாள். வந்தது. போனது.

"தூசியும் இல்லை. அடுத்தது?"

"சூடு," என்றார். குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"கரெக்ட். அந்த மூலையில காத்தே வராது. மேசையை ஜன்னல் பக்கம் தள்ளிடலாம்."

"அங்க என் நாற்காலி இருக்கே."

"நாற்காலிக்குச் சூடு தாங்கும்."

மேசை நகர வேண்டுமென்றால் பீரோ நகர வேண்டும். அந்தப் பீரோவை நகர்த்தச் சொல்லி, குடிவந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நாளைக்கு' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளை இன்று வந்தது. அவர் தனியாகப் பீரோவைத் தள்ளும் சத்தம் கேட்டு எதிர் வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, வீடு காலி பண்றீங்களா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர் ரிப்பேர்."

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் பீரோவை எதுக்குத் தள்றீங்க?"

"ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வரேங்க்கா."

"பாத்துக் கழிங்க. கடைசியில நீங்க மட்டும்தான் மிஞ்சப் போறீங்க."

சனிக்கிழமை விடிந்தது. இருவரும் லீவு போட்டிருந்தார்கள். ஸ்டோர்கீப்பர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே சிபியு பெட்டி மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் டப்பாவில் கிடந்த பழைய திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து வைத்திருந்தார், ஸ்டோர் புத்தி. தகட்டை மட்டும் கழற்றவில்லை. பதினொரு மணி தாண்டும்வரை கழற்றுவதாகவும் இல்லை.

அவள் குளித்து, அரக்குக் கலர் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த புடவை.

"எதுக்கு இதைக் கட்டிக்கிட்டே?"

"ஒருவேளை சரியாயிடுச்சுன்னா? உடனே உக்காரணுமே."

அதைக் கேட்டதும் அவர் நெஞ்சுக்குள் ஒரு முள் தைத்தது. அந்த நிமிடம் தகட்டைக் கழற்றி, பட்டையை அழுத்தி, "உக்காரு" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியதாக அவர் பிற்பாடு வயரிடம் சத்தியம் செய்திருக்கிறார். நான் அதை நம்புகிறேன். ஆனால் அடுத்த நிமிடம் மத்தியானச் சாப்பாட்டு மேசை கண்ணில் பட்டது. இரண்டு தட்டு. எதிரும் புதிருமாக. ஸ்க்ரூ டிரைவரை மறுபடியும் பிடித்துக்கொண்டு திருகாணிகளை எண்ண ஆரம்பித்தார்.

பதினொன்று ஆகப் போகும் சமயம் அவள் கேட்டாள்: "ஆகுமாங்க?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

"உங்க அக்காவா?" என்று குரல் கொடுத்தார்.

"ம்."

சமையலறையிலிருந்து பேச்சு கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் ஏறி இறங்கியது. நீளமான பேச்சு. பாவம், கூடப் பிறந்தவளிடம் மனசில் உள்ளதைக் கொட்டுகிறாள் என்று நினைத்தார். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். இந்தத் துக்கத்திலும் சிரிக்க முடிகிறதே, எவ்வளவு பெரிய மனசு என்று உருகினார். ஆனால் உருகிக்கொண்டே இருந்தால் வேலை செய்வது போல் நடிக்க முடியாது.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்! இங்க ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை பாத்துக்கிட்டிருக்கேன்!"

"சரிங்க," என்று சொல்லி அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பதினொன்று நன்றாகத் தாண்டியிருந்தது.

"நேரம் போயிடுச்சு," என்றாள்.

"அடடா!" என்றார். இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த அடடா.

அவள் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாற்காலி இப்போது கதவுக்குப் பின்னால், காற்று வராத மூலையில் இருந்தது. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போனா போகுதுங்க. எங்க அப்பா குரலும் இதுலதானே இருக்கு?"

"எந்தக் குரல்?"

"நம்ம கல்யாணத்தன்னிக்குப் பேசினாரே, அது. அவர் குரல்னு வேற எதுவும் எங்ககிட்ட இல்ல. அக்காகூட அப்பப்போ கேப்பா. சரி விடுங்க. உங்களால முடிஞ்சதைத்தான் பண்ணீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இனி தாமதிக்க ஒன்றுமில்லை. அவள் வேலைக்குப் போவது நின்றது; இப்போது மெஷினை ஓடவைத்தால் மாமனார் குரலை மீட்ட புண்ணியமும் சேரும். ஸ்டோர்கீப்பர் தகட்டைக் கழற்றினார். வலது பக்கத்துப் பட்டையில் கை வைத்தார்.

பட்டை அசையவில்லை.

ஆட்டிப் பார்த்தார். வேரோடிப்போன மரம் மாதிரி நின்றது. இரண்டு முனையிலும் கொக்கி மாட்டியிருந்தது. அரைவாசி தூக்கிய பட்டை எப்படித் தானாக உட்காரும்? அப்படியானால் வியாழக்கிழமை தான் தூக்கவே இல்லையா? அப்படியானால் இத்தனை நேரம் வந்து வந்து போனது எதனால்? இருக்கட்டும் என்று இன்னும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

விசிறி உறுமியது. வெளிச்சம் எட்டிப் பார்த்தது. போனது.

மறுபடி. போனது.

விளையாட்டுக்குக் கூப்பிட்ட வியாதி நிஜமாகவே வந்து குடியேறிவிட்டது. சுவர் மெல்ல நகர்ந்தது. கூரை பின்தொடர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு தனக்கு வந்தது தலைசுற்றல் இல்லை என்பதும், தலைசுற்றல் என்றால் இதுதான் என்பதும் அப்போது அவருக்கு விளங்கியது. வயருக்குப் போன் போட்டார்.

"வயரு, அந்தப் பட்டையை அழுத்தி உக்கார வெச்சும் வரலைன்னா?"

"அப்போ வேற ஏதாவது பெரிய கோளாறா இருக்கலாம் சார். டிஸ்க்கு, அது இதுன்னு."

"டிஸ்க்குன்னா?"

"சேத்து வெச்சதெல்லாம் அதுலதான் சார் இருக்கும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் காபியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பார்வை சோதிக்க வந்தவர் எதிரே உட்காருவது போல, முழங்காலில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"உள்ள ஏதோ ஒண்ணு கழண்டிருந்துச்சு போல."

"தானாக் கழண்டுச்சு. சரி. மங்கலா இருக்கு. வேற மாதிரி சொல்லுங்க."

"யாராவது கழட்டியிருக்கலாம்."

"இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனா ஓரம் கலங்குது. யாரு?"

"நான்... தூசி தட்டும்போது... கை தவறி..."

"முன்னாடி இருந்ததே தேவலை."

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் கழட்டினேன்."

"எதுக்கு?"

"நீ அந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னு."

"ஏன் போகக் கூடாது?"

அந்த 'ஏன்'. அதை அவள் கேட்கக் கூடாது என்றுதான் அவர் பெட்டியைத் திறந்தார், ஃப்ரிட்ஜைத் துடைத்தார், பரணில் ஏறினார், பீரோவைத் தள்ளினார். அது கடைசியில் அவரைத் தேடி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தது.

"எனக்குத் தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கலை," என்றார்.

"இப்பத்தான் கடைசி வரி வரைக்கும் தெரியுது," என்றாள். குரல் தணிந்திருந்தது. "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். ஆனா உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்துட்டுப் போயிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ நீங்க எனக்குக் கட்டிக் கொடுக்கணும். காலையில ஏழு மணி பஸ்ஸு."

"சரி. எல்லாத்துக்கும் சரி. சமைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன், ராத்திரி சேர்ந்து சாப்பிட்டாப் போதும். உங்க அப்பா குரல் மட்டும் திரும்ப வரட்டும்." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்தாள். பெட்டிக்குள் கைவிட்டு, இடது பக்கத்துப் பட்டையை அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்விட்சைப் போட்டாள். விசிறி உறுமியது. வெளிச்சம் எட்டிப் பார்த்தது. நின்றது. வந்தே விட்டது.

"நீங்க தூக்கினது வலது பக்கம். அதை வெள்ளிக்கிழமை நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே மாட்டிட்டேன். இடது பக்கம் என்னோடது."

"உனக்கு... எப்படி?"

"இத்தனை வருஷத் தூசி. அதுல ஒரு இடத்துல மட்டும் கட்டைவிரல் பதிஞ்சிருந்துச்சு. மிச்சத்தை வயர் தம்பி சொன்னாரு. பொது அறிவு."

பட்டை பற்றி யார் கேட்டாலும் வயர் சொல்லுவார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். டிஸ்க் பற்றிச் சொன்னது பொய்யா என்று அவரைக் கேட்டேன். "இருக்கலாம்னுதானே சொன்னேன்?" என்றார்.

அவள் கல்யாணத்தன்று எடுத்ததைத் தேடிப் போட்டாள். மாமனாரின் குரல் அறையெங்கும் கேட்டது. யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாப்பிள்ளை தங்கமான மனுஷர். எதைக் கேட்டாலும் இல்லைன்னு மட்டும் சொல்லவே மாட்டாராம்."

இருவரும் அதைக் கடைசி வரை கேட்டார்கள். பிறகு ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறுதலாக ஆரம்பித்தார்: "நேர்காணல் போனதுக்கு நீ வருத்தப்படாதே. நானே உங்க முதலாளிகிட்ட வந்து பேசறேன்..."

"எங்க போச்சு? அது நல்லா முடிஞ்சுது. வர்ற மாசம் சேரச் சொல்லிட்டாங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எந்தக் கம்ப்யூட்டர்ல?"

"காபி ஆறுது, குடிங்க."

வேறு எங்கே, எதிர் வீட்டில்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சமையலறைக்குப் பின்கதவு உண்டு; கதவைச் சாத்திக்கொண்டு அந்த வழியாகப் போயிருக்கிறாள், அந்த வீட்டு அக்கா தன் கம்ப்யூட்டரைக் கொடுத்துக் குடி கெடுத்துவிட்டார். அன்றிலிருந்து எதிர் வீட்டு அக்காவோடு அவர் பேசுவதில்லை. அக்காவுக்குக் காரணம் தெரியாது. ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் சாப்பாட்டு டப்பாவைக் கட்டும்போதுகூட அவர் ஜன்னல் வழியாக அந்த வீட்டை முறைப்பதாக வயர் சொன்னார்.

எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. எதிர் வீட்டு அக்காவை விசாரித்தேன். அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. பிறகு கண் பார்வை சோதிக்கும் சாக்கில் புதுக் கிளைக்குப் போனேன். பொறுப்பாளர் அம்மா என்னைக் கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்தார். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே வந்து, கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவரும் அதே சனிக்கிழமை வேலைக்கு எடுக்கப்பட்டவர். நேர்காணல் எல்லோருக்கும் போனில்தான் நடந்தது என்றார். கம்ப்யூட்டர் வேண்டும் என்று கடையிலிருந்து யாரிடமும் சொல்லவே இல்லையாம்.